பாம்பு எப்போது, ஏன் செட்டை கழற்றுகிறது: முள்ளியவளையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

முள்ளியவளையைச் சேர்ந்த ஒரு சகோதரி மூன்று விடயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய பெறாமகன் போல் பைதன் என்ற மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறான். அதன் கண்கள் சில நாள்களாக நீலம் கலந்த வெண்மையாக மங்கியிருக்கின்றன. கொடுத்த எலியை அது தொடவில்லை. போன முறை தோல் துண்டு துண்டாகத்தான் கழன்றது. இந்த முறை கையால் உரித்துவிடலாமா என்று அவன் சித்தியிடம் கேட்கிறான். இரண்டாவது, அவருடைய வளவில் கிடுகு வேய்ந்த விறகுக் கொட்டிலுக்குள் ஆறரை அடி நீளமான செட்டை ஒன்று கிடந்திருக்கிறது. அது நல்ல பாம்பினுடையது என்று அயலவர்கள் சொல்கிறார்கள், அவருக்கோ ஐயம். மூன்றாவது, பாம்பு ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் செட்டை கழற்றும் என்றும், அந்த நேரத்தில் கண் தெரியாமல் கோபத்தோடு இருக்கும் என்றும் அவருடைய அம்மா சொல்வது உண்மையா என்று கேட்கிறார்.

பெறாமகனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவனுடைய கை இப்போதே சும்மா இருக்க வேண்டும். அந்தப் பாம்புக்கு நோய் எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து தெரியவில்லை. அது செட்டை கழற்றத் தயாராகிறது, அவ்வளவுதான். உரிக்கக் கூடாது, தூக்கக் கூடாது, இரை கொடுத்துப் பார்க்கவும் கூடாது. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அது இருக்கும் பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுவது. ஏன் அப்படி என்பதற்குத் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

நம்முடைய தோலின் மேற்படை ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. பாம்பு அப்படிச் செய்வதில்லை. அதன் மேற்றோல் முழுவதும் ஒரே காலத்தில் உருவாகி, ஒரே காலத்தில் முதிர்ந்து, ஒரே காலத்தில் கழல்கிறது. இரண்டு செட்டைகளுக்கு இடையில் தோல் ஓய்வு நிலையில் இருக்கும். வெளியில் நாம் காண்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன, உயிரற்ற, கடினமான படை. அடுத்த சுற்றுத் தொடங்கும்போது அந்தப் படைக்கு அடியில் உள்ள உயிருள்ள கலங்கள் விரைவாகப் பிரிந்து, பழைய தோலுக்குக் கீழே புதிய தோல் ஒன்றை, ஒவ்வொரு செதிலும் அச்சொட்டாக இருக்கும்படி, முழுமையாகக் கட்டி எழுப்புகின்றன. ஆகவே சில நாள்களுக்குப் பாம்பின் உடலில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தோல்கள் இருக்கின்றன. புதியது முதிர்ந்தவுடன் இரண்டுக்கும் இடையில் நிணநீர் போன்ற ஒரு திரவம் சேர்கிறது. அதிலுள்ள நொதிகள் இரு படைகளையும் இணைத்து வைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துகின்றன. செட்டை சுத்தமாகக் கழல்வதும் கழலாமல் போவதும் பெரும்பாலும் இந்த இடைவெளியில் போதிய ஈரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

கண் மங்குவதற்கும் இதுவே காரணம். பாம்புக்கு நம்மைப் போல் அசையும் இமைகள் இல்லை. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒரு செதில் கண்ணாடி மூடிபோல நிரந்தரமாகப் பொருந்தியிருக்கிறது. அதுவும் தோலின் ஒரு பகுதிதான், மற்றச் செதில்களோடு அதுவும் கழல வேண்டும். பழைய கண்மூடிக்கும் புதிய கண்மூடிக்கும் இடையில் திரவம் சேரும்போது கண் பால் கலந்த நீலமாகத் தோன்றுகிறது. இந்த நிலை சில நாள்கள் இருக்கும். பிறகு கண் திடீரெனத் தெளிந்துவிடும். பாம்பு வளர்க்கும் பலர் அதைப் பார்த்து, செட்டை கழற்றாமலே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கண் தெளிந்த பின், பொதுவாக ஒரு கிழமைக்குள், செட்டை கழல்கிறது. தோல் மங்கத் தொடங்கிய நாளிலிருந்து கழற்றி முடியும் வரை ஒன்று முதல் இரண்டு கிழமை ஆவது வழமை. போல் பைதனில் இன்னொரு முன்னறிகுறியும் உண்டு: கண் மங்குவதற்கு முன்பே வெள்ளையான அடிவயிறு இளஞ்சிவப்பாக மாறும். பெறாமகன் இனி அதைக் கவனித்து வைத்தால் அடுத்த முறை நாள்களை ஓரளவு கணிக்கலாம்.

நேரம் வந்ததும் பாம்பு முதலில் மூக்கு நுனியையும் வாயோரத்தையும் கரடுமுரடான ஏதாவது ஒன்றில் உராய்கிறது. உதடுகளின் விளிம்பில் தோல் பிரிந்தவுடன் அதைக் கல்லிலோ மரக்கிளையிலோ மாட்டி, தன் உடலை முன்னோக்கி நகர்த்துகிறது. தலையணை உறையை உட்புறம் வெளியே வரும்படி உருவுவதைப் போல, பழைய தோல் வாயிலிருந்து வாலை நோக்கிப் புரண்டு பின்னால் போகிறது. நலமான பாம்பொன்று, தோல் பிரிந்த பிறகு, இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும். புதிதாகக் கழன்ற செட்டையைக் கையில் எடுத்தால் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். காய்ந்த பிறகுதான் அது நாம் வழக்கமாகக் காணும் சரசரப்பான தாள்போல ஆகிறது. செட்டையில் நிறம் இல்லாததற்கும் எளிய காரணம் உண்டு. நிறத்தைத் தரும் கலங்கள் பெரும்பாலும் கீழ்ப்படையில் இருப்பதால் அவை பாம்போடு போய்விடுகின்றன. மேற்படையில் இருக்கும் சிறிதளவு கருநிறமி மட்டும் செட்டையில் மங்கிய கோலமாக மிஞ்சுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அது தெரியும்.

இனி, எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்ற கேள்வி. அம்மா சொல்லும் ஆறு மாதக் கணக்கு எல்லாப் பாம்புகளுக்கும் பொருந்தாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் முதற் செட்டையைக் கழற்றுகின்றன. போல் பைதன் குஞ்சுகள் அதற்குப் பிறகே இரை எடுக்கத் தொடங்குவது வழக்கம். இந்த முதற் செட்டைக்கு வளர்ச்சியைத் தவிர வேறொரு பயனும் உண்டு: முட்டைக்குள் ஈரத்தில் இருந்த தோலைவிட, முதற் செட்டைக்குப் பின் வரும் தோல் உடலின் நீர் ஆவியாகிப் போவதை நன்றாகத் தடுக்கிறது. வேகமாக வளரும் முதல் வருடத்தில் நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒரு தடவை கழற்றலாம். வளர்ந்த பாம்பு வருடத்துக்கு மூன்று முதல் ஆறு தடவை வரை கழற்றும். இந்தக் கணக்கும் நிலையானது அல்ல. சூடான இடத்தில், நிறைய இரை எடுக்கும் பாம்பு அடிக்கடி கழற்றும். குளிரில் இரை குறைவாக எடுக்கும் பாம்பு தாமதிக்கும். பெண் பாம்புகள் பல, முட்டையிடுவதற்கு முன் ஒரு செட்டையைக் கழற்றுகின்றன. போல் பைதனில் அந்தச் செட்டைக்கும் முட்டைக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும் என்பதால் அதை வளர்ப்பவர்கள் அந்த நாளைக் குறித்து வைப்பார்கள். காயம், சூட்டுப் புண், தோல் தொற்று, உண்ணி, சிற்றுண்ணி ஆகியவை இருந்தாலும் சுற்று விரைவாகிறது. ஆகவே வளர்ந்த பாம்பொன்று ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவை செட்டை கழற்றினால், நன்றாக வளர்கிறது என்று மகிழாமல், செதில்களுக்கு இடையிலும் கண்ணைச் சுற்றியும் மிளகுத்தூள் அளவான கரும்புள்ளிகள் அசைகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஏன் என்ற கேள்விக்கு, உடல் பெருக்கிறது, தோல் பெருக்காது, அதனால் கழற்றுகிறது என்ற விடையையே பாடசாலையில் நாங்கள் எழுதி வந்தோம். நானும் பல வருடங்களாக உயிரியல் வகுப்பில் அதையே முதலில் சொல்கிறேன், ஆனால் அங்கேயே நிறுத்துவதில்லை. கெரட்டின் படை வளராது என்பது உண்மைதான். இருந்தாலும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோன கிழப் பாம்பும் செட்டை கழற்றுகிறது. வயிற்றால் மண்ணிலும் கல்லிலும் ஊர்ந்து வாழும் ஓர் உயிருக்குத் தோல் தேய்கிறது, தேய்ந்த இடத்தின் வழியாக நீர் வெளியேறுகிறது, கிருமி நுழைகிறது. பாம்பின் தோலில் நீரிழப்பைத் தடுக்கும் கொழுப்புப் படை ஒன்று கெரட்டின் படைகளுக்கு இடையில் இருக்கிறது. அது பழுதடைந்தால் வரண்ட நிலத்தில் வாழ முடியாது. ஆகவே செட்டை கழற்றுவது அந்த நீர்த் தடையைப் புதுப்பிக்கும் வேலையும்தான். தோலில் ஒட்டியிருந்த உண்ணிகளில் ஒரு பகுதியும் பழைய தோலோடு போய்விடுகிறது. சில இனங்களில் செட்டை கழற்றிய பெண்ணின் புதிய தோலில் வரும் மணம் ஆண்களை ஈர்க்கிறது. இந்தச் சுற்றை உள்ளிருந்து நடத்துவதில் தைரொயிட் சுரப்புக்குப் பங்கு உண்டு. பல்லி இனங்களில் அந்தச் சுரப்புத் தோலுரிப்பைத் தூண்டுகிறது, பாம்பில் அதற்கு மாறாக அதைப் பின்போடுகிறது. நெருங்கிய உறவான இரண்டு கூட்டங்களில் ஒரே சுரப்பு எதிரெதிராக வேலை செய்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இப்போது ரொறன்ரோவுக்கு வருவோம். போல் பைதன் மேற்கு ஆபிரிக்காவின் செனகல் முதல் உகண்டா வரையான புல்வெளிகளைச் சேர்ந்தது. வெளியில் வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது பகற்பொழுதைக் கறையான் புற்றுகளிலும் கொறிவிலங்குகளின் வளைகளிலும் கழிக்கிறது. வன்னியில் இருப்பவருக்குப் புற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசி வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்களிலும் பெரிய புற்றொன்றை வெட்டினால் உள்மண் ஈரமாக இருக்கும். வெப்பம் இரவும் பகலும் அதிகம் மாறாது. நாகம் புற்றைத் தேடிப் போவதற்கு எலியும் காரணம், மறைவும் காரணம், இந்த ஈரமும் காரணம். நாங்கள் இங்கே பாம்பைப் புற்றோடு சேர்த்தே நினைப்பதும், புளியம்பொக்கணையில் நாகதம்பிரானுக்குப் பொங்குவதும் ஒருபக்கம் இருக்க, உடற்றொழிலை மட்டும் வைத்துப் பார்த்தாலும் புற்று பாம்புக்கு மிகவும் பொருத்தமான வீடு.

மாரி காலத்துக் கனடா வீட்டில் நிலைமை நேர்மாறானது. வெளியில் உறைபனி, உள்ளே வெப்பமூட்டி ஓயாமல் ஓடுகிறது, வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அங்கிருக்கும் மனிதருக்கே உதடு வெடிக்கிறது. போல் பைதனுக்குச் சாதாரண நாள்களில் 50 முதல் 60 சதவீதமும், செட்டை கழற்றும் நாள்களில் 70 சதவீதம் அளவிலும் ஈரப்பதம் வேண்டும். மேல்மூடி முழுவதும் கம்பி வலையாக உள்ள கண்ணாடித் தொட்டியில், மேலே வெப்ப விளக்கு எரிந்தால், அந்த ஈரம் நிற்கவே நிற்காது. போன முறை தோல் துண்டு துண்டாகக் கழன்றதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அவன் எந்த மாதத்தில் அது நடந்தது என்று பார்க்கட்டும். ஜனவரி, பெப்ரவரி என்றால் ஐயமே வேண்டாம்.

செய்ய வேண்டியது அதிகம் செலவில்லாதது. பாம்பு சுருண்டு படுக்கும் அளவான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றின் பக்கத்தில் ஓர் ஓட்டை வெட்டி, வெட்டிய விளிம்பை உரைஞ்சி மழுப்பி, உள்ளே ஈரமான பாசியையோ தும்புச்சோற்றையோ போட்டு, தொட்டியின் வெப்பமான பக்கத்துக்கும் குளிரான பக்கத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும். ஒரு பிடி தும்புச்சோற்றைக் கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது, அதுதான் அளவு. செல்லப்பிராணிக் கடையில் அவன் விலை கொடுத்து வாங்கும் தும்புச்சோறு இலங்கையிலிருந்து போனதாகவும் இருக்கலாம், இங்கே அதை நாங்கள் நாற்றுமேடைக்குப் போடுகிறோம். பாம்பு தானாக அந்தப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வலை மூடியின் பெரும்பகுதியை ஈரத் துணியாலோ தகட்டாலோ மூடி, விளக்குப் படும் இடத்தை மட்டும் திறந்து விடலாம். ஈரப்பதமானி ஒன்றை வாங்கித் தொட்டியின் சுவரில் மேலே ஒட்டாமல் பாம்பு படுக்கும் மட்டத்தில் வைக்க வேண்டும். குடிநீர்க் கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான நீர் இருக்க வேண்டும், ஏனென்றால் உடலுக்குள் நீர் குறைந்த பாம்புக்குத் தோல்களுக்கு இடையில் சேரும் திரவமும் போதாமற் போகும். உராய்வதற்கு ஒரு கரடான மரத்துண்டு இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: ஈரம் நல்லது என்று கேட்டுவிட்டுத் தொட்டியின் தரை முழுவதையும் நனைத்து வைத்தால், நாட்கணக்கில் ஈரத்தில் கிடக்கும் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் வரும். காற்றில் ஈரம் வேண்டும். தரை பெரும்பாலும் காய்ந்திருக்க வேண்டும்.

இரை எடுக்காததைப் பற்றிக் கவலை வேண்டாம். கண் மங்கிய நாள்களில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடுவதில்லை; பார்வை குறைந்த நேரத்தில் வேட்டையாடுவது அதற்கு ஆபத்து. அந்த நேரத்தில் உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டுவைப்பது இன்னும் ஆபத்து. எலி பாம்பைக் கடித்துக் குதறிய சம்பவங்கள் உண்டு. செட்டை கழன்று ஓரிரு நாள் போன பிறகு கொடுத்தால் போதும். நலமான வளர்ந்த பைதன் பல கிழமைகள் இரையில்லாமல் இருந்தாலும் தளராது.

கழன்ற செட்டையை உடனே குப்பையில் போட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பாம்பின் நலத்தைப் பற்றி அதைவிட நம்பகமாகச் சொல்லும் வேறொன்றும் அந்த வீட்டில் இல்லை. அதை ஈரமாக இருக்கும்போதே விரித்து, முதலில் தலைப் பகுதியைப் பார்க்க வேண்டும்: இரண்டு கண்மூடிகளும் வட்டமான தெளிந்த வில்லைகளாகச் செட்டையிலேயே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் பழைய கண்மூடி இன்னும் பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது என்று பொருள். பிறகு வால் நுனி. செட்டையின் வால் கூராக முடிய வேண்டும்; அது அறுந்திருந்தால் பாம்பின் வால் நுனியில் ஒரு வளையம் மிஞ்சியிருக்கும். இந்த வளையம் சிறியதென்று விட்டுவிடக் கூடாது. காயும்போது அது இறுகி, அடுத்த செட்டையின் மிச்சமும் அதன்மேல் சேர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, நுனி கறுத்து விழுந்துவிடும்.

மிச்சம் ஒட்டியிருந்தால் உரிப்பதல்ல வழி. கையில் தடவிப் பார்த்தால் வெறும் வெதுவெதுப்பாகத் தெரியும், 28 முதல் 30 பாகை செல்சியஸ் அளவிலான நீரை, பாம்பின் உடல் முழுவதும் மூழ்காத உயரத்துக்கு, காற்றோட்டமுள்ள பெட்டியில் ஊற்றி, 20 முதல் 30 நிமிடம் அதில் இருக்க விட வேண்டும். ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு நனைத்த துவாய் ஒன்றைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதற்குள்ளால் பாம்பைத் தானாக ஊர்ந்து போக விட்டால், ஊறிய தோல் துவாயில் ஒட்டிக் கழலும். வராத துண்டை இழுக்கக் கூடாது. மறுநாள் மீண்டும் ஊற வைக்கலாம். கண்மூடியில் நகத்தையோ சாவணத்தையோ வைக்கவே கூடாது. பழைய மூடிக்கு அடியில் இருக்கும் புதிய மூடி கிழிந்தால் கண்ணே போய்விடும். ஒரு கண்மூடி தங்கியிருந்தால் ஈரப்பதத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த செட்டை வரை பொறுக்கலாம். அத்தோடும் போகாவிட்டாலோ, கண் வீங்கினாலோ, ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். தேங்காயெண்ணெய் பூசினால் இளகும் என்ற ஆலோசனையை நீங்களும் கேட்டிருக்கலாம். எண்ணெய் நீரைத் தள்ளுமே தவிர உள்ளே விடாது, வேண்டியது நீர்.

ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகக் கழல்கிறது, ஈரப்பதமும் சரியாக இருக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பழைய தழும்பு இருக்கும் இடத்தில் தோல் எப்போதும் ஒட்டும். சிற்றுண்ணி, போதாத இரை, தவறான வெப்பம் ஆகியவையும் காரணமாகலாம். வெப்பப் பாய்க்குக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டாமல் விட்டால் வயிற்றில் சூட்டுப் புண் வரும். பாம்பு சுடுகிறது என்று உணர்ந்து விலகாமல் அப்படியே கிடப்பதுண்டு.

இனி உங்கள் கொட்டிலில் கிடந்த செட்டை. முதலில் நீளத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். செதில்களுக்கு இடையில் மடிந்திருக்கும் மெல்லிய தோல் கழலும்போது விரிந்து இழுபடுவதால் செட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகவே இருக்கும். உங்கள் ஆறரை அடிச் செட்டையைக் கழற்றிய பாம்பு ஐந்தரை அடி அளவில் இருக்கலாம். நல்ல பாம்புக்கும் சாரைக்கும் அந்த நீளம் பொருந்தும்; விறகுக் கொட்டில் இரண்டுக்கும் பிடித்த இடம். ஐயத்தைத் தீர்ப்பது தலைப் பகுதிதான். செட்டையின் தலையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் போட்டு இளகிய பிறகு விரித்து, ஒரு கைவில்லையால் மேலுதட்டின் ஓரச் செதில்களை மூக்கு நுனியிலிருந்து எண்ணுங்கள். மூன்றாவது உதட்டுச் செதில் உயர்ந்து, ஒரு பக்கம் கண்ணையும் மறு பக்கம் மூக்குத்துவாரம் உள்ள செதிலையும் தொட்டுக்கொண்டிருந்தால் அது நாகம். கண்ணுக்கும் மூக்குச் செதிலுக்கும் நடுவில் வேறு சிறு செதில்கள் புகுந்திருந்தால் நாகம் அல்ல, பெரும்பாலும் சாரை. நீங்கள் அனுப்பிய படத்தில் செட்டையின் தலை மடிந்திருப்பதால் என்னால் எண்ண முடியவில்லை. உங்கள் கையில் இருப்பதால் உங்களால் முடியும்.

இதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வன்னியில் வீட்டுக்குள் கிடக்கும் சிறிய, மெல்லிய செட்டைதான் அதிகம் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது எண்ணெய் விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படும் பாம்பினுடையதாக இருக்கலாம். அதன் முதுகின் நடுவரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை, அறுகோண வடிவானவை. வாலின் அடிச் செதில்கள் சோடியாகப் பிரியாமல் ஒற்றையாக இருக்கும். அதைப் போலவே பட்டைகளோடு தோன்றும் விஷமற்ற ஓநாய்ப் பாம்பில் நடுவரிசை பெரிதாக இருக்காது, வாலடிச் செதில்கள் சோடியாகப் பிரிந்திருக்கும். செட்டையில் பட்டைகள் மங்கிப்போனாலும் இந்த அடையாளங்கள் அழிவதில்லை. சுருட்டை விரியனிலும் வாலடிச் செதில் ஒற்றைதான், ஆனால் அதன் முதுகுச் செதில்கள் ஒவ்வொன்றிலும் நடுவில் மேடான கோடு இருப்பதால் விரலுக்குச் சொரசொரப்பாகப் படும். கண்ணாடி விரியனும் அப்படியே சொரசொரப்பானது, வாலடிச் செதில்கள் மட்டும் சோடியானவை. கட்டுவிரியனின் செட்டை என்று பட்டால் அன்றிரவு முதல் தரையில் பாய் விரிக்காமல், கட்டிலில், விளிம்பு முழுவதும் மெத்தைக்கு அடியில் செருகிய நுளம்பு வலைக்குள் படுங்கள். அந்தப் பாம்பு கடிப்பது பெரும்பாலும் இரவில், நித்திரையில் இருப்பவரைத்தான். பல வேளைகளில் கடிவாயில் வலியும் இருக்காது.

செட்டை எப்போது கழன்றது என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். ஈரமாக, வளைந்து கொடுக்கும்படி இருந்தால் சில மணித்தியாலங்களுக்குள் கழன்றது. எங்கள் வெயிலில் அது விரைவில் காய்ந்துவிடும். உடைந்து, எறும்பு அரித்து, தூசி படிந்திருந்தால் பழையது. புதிய செட்டை கண்ட அன்று அந்த விறகைக் கையால் புரட்ட வேண்டாம். நீண்ட தடியால் தட்டி, ஓசை எழுப்பி, நாள் விட்டுப் பகலில் எடுங்கள். செட்டையில் விஷம் இல்லை. விஷம் பாம்பின் சுரப்பியில்தான் இருக்கிறது. ஆனால் ஊர்வனவின் உடலில் சல்மொனெல்லா என்ற பற்றீரியா இருப்பது சாதாரணம் என்பதால், தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அம்மா சொன்னதில் இரண்டாவது பாதி ஏறக்குறையச் சரியானது. கண் மங்கிய பாம்புக்கு எதிரே வருவது என்னவென்று தெளிவாகத் தெரியாது. ஆகவே மற்ற நேரத்தில் விலகிப் போகக்கூடிய பாம்பும் அப்போது சீறலாம், கொத்தலாம். அதைக் கோபம் என்பதைவிட அச்சம் என்பது பொருத்தம். பெரும்பாலும் அது அந்த நாள்களில் வெளியே வராமல் புற்றிலோ கல் இடுக்கிலோ கிடக்கும். பெறாமகனின் பைதன் எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் அதே காரணத்தால் அதை இப்போது தூக்கக் கூடாது. கடியைவிட, புதிய தோல் இன்னும் முற்றாத நிலையில் கை அழுத்தினால் தோல் பழுதடையும் என்பது பெரிய காரணம்.

கடிதத்தின் கடைசி வரியில், வயலில் கண்ட வெங்கிணாந்தி (மலைப்பாம்பு) குட்டி ஒன்றை உங்கள் மகன் வளர்க்க ஆசைப்படுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இலங்கையில் காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பதை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட இனம். கனடாவில் கடையில் வாங்கும் போல் பைதனை வைத்து இங்கே கணக்குப் பார்க்க முடியாது. குட்டி வயலிலேயே இருந்தால் எலியைக் குறைக்கும். வீட்டுக்குள் புகுந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மகனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்குமானால் அந்த ஆறரை அடிச் செட்டையை அவனிடம் கொடுத்து, உதட்டுச் செதில்களை எண்ணச் சொல்லி, மூன்றாவது எதைத் தொடுகிறது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.